கொல்லிப் பண்ணும் திரும்பி வந்த குரலும்

(ஏற்காட்டில் அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, காப்பித் தோட்டங்களின் நிழலூடே ஏறி வந்தால் ஏற்காடு. அதனினும் மேலே 5,326 அடி உயரத்தில், குகைக் கோயிலில் சேர்வராயப் பெருமானும் காவேரி அம்மனும் எழுந்தருளி அருள்பாலிக்கின்றனர். மே மாதத் திருவிழாவின்போது மலைக் கிராமங்களெல்லாம் அங்கே திரளும். அத்தகைய மலையில் நின்று இசையைப் பற்றிப் பேசக் கிடைத்தது அடியேன் பெற்ற பேறு.

சென்ற முறை இசையும் நோயும் என்ற பொருளில் பேசியபின், தாய்மார் சிலர் அடியேனிடம் தனித்தனியே வந்து ஒரே வினாவைத் தொடுத்தனர். “அம்மா, நாங்களும் முறையாகப் பாட்டுக் கற்றவர்கள். நோயாளிகளுக்குப் பாடும் பணியையும் சில காலம் செய்தோம். திருமணம், மகப்பேறு, வீட்டுப் பெரியவர்களின் நோய் என்று பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் போய்விட்டன. இனித் திரும்ப இயலுமா?” என்பதே அவ்வினா. இன்றைய உரை அதற்கு விடையாகும். அடியேனும் பதினான்கு ஆண்டுகள் இப்பணியை விட்டிருந்து மீண்டவளே ஆதலின், பேச ஓரளவு உரிமை உண்டென்று நினைக்கின்றேன்.

இசைச் சிகிச்சை என்பது கச்சேரி அன்று, பசனையும் அன்று. பயிற்சி பெற்ற ஒருவர், ஒரு நோயாளியின் குறிப்பிட்ட தேவையை மருத்துவரோடு கலந்து அறிந்து, அத்தேவைக்கென இசையைக் கையாளுவதே இசைச் சிகிச்சையாகும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1944ஆம் ஆண்டிலேயே இதற்கெனப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. போர்க்களத்திலிருந்து உடலும் உள்ளமும் சிதைந்து மீண்ட வீரர்களின் மருத்துவமனைகளிலே இத்துறை வேகமாக வளர்ந்தது. நம் பக்கத்தில், புதுச்சேரியிலுள்ள ஸ்ரீ பாலாஜி வித்யாபீடம் தன் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இசைச் சிகிச்சைக்கென ஒரு கல்வி ஆராய்ச்சி மையத்தையே நிறுவியுள்ளது.

பல்லாண்டு விலகியிருந்து மீளுதல் என்றவுடன் நம் நினைவிற்கு வரவேண்டியவர் அப்பர் பெருமான். மருள்நீக்கியாராய்த் திருவாமூரில் தோன்றிய அவர், சமண சமயம் புகுந்து, தருமசேனர் என்னும் பெயருடன் அங்கே பெருங்கல்வியாளராய் விளங்கினார். ஆண்டுகள் பல சென்றபின் கொடிய சூலை நோய் வயிற்றைப் பற்றியது. செய்த மருத்துவம் பலிக்கவில்லை. இரவோடு இரவாகத் திருவதிகை வந்து தமக்கையார் திலகவதியாரின் திருவடியில் விழுந்தார். அதன்பின் அவர் கெடில நதிக்கரைக் கோயிலில் நின்று பாடியதே அவர்தம் முதல் திருப்பதிகம்.

இவ்வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும் இருவரைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஒருவர் திலகவதியார். தம்பி பிரிந்திருந்த காலமெல்லாம் அவர் திருக்கோயிலில் அலகிட்டு, மெழுகி, மாலை தொடுத்து வந்தார். தம்பி திரும்பி வந்த நாளில் அவர் நீண்ட உபதேசம் எதுவும் செய்ததாகச் சேக்கிழார் பெருமான் காட்டவில்லை. திருநீறு அளித்தார், விடியுமுன் தாம் வழக்கமாகச் செல்லும் வேளையில், திருவலகும் மெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். நாள்தோறும் நடந்த பணியினுள்ளே அவரைச் சேர்த்துக்கொண்டார். திரும்பி வருபவர்க்கு இதனினும் பெரிய உதவி வேறு உண்டா?

மற்றவர் அப்பரே. அவர் அங்கே பாடும்போது புலமையைக் காட்டப் பாடவில்லை. வலி தாங்காமல் பாடினார். பாடுபவரும் அவரே, நோயாளியும் அவரே. அப்பதிகத்தின் பண் கொல்லி என்பது ஓதுவாமூர்த்திகள் அறிந்த செய்தி. இக்காலத்தில் அதனை நவரோசு இராகத்தில் பாடுவர். நம் மலைக்குத் தெற்கே நாமக்கல் மாவட்டத்தில் நிற்கும் கொல்லிமலையும் இப்பண்ணும் ஒரே பெயரைத் தாங்கியிருப்பது சேலத்துக்காரர்க்கு ஒரு தனி மகிழ்ச்சி.

கொல்லி என்றதும் திருஞானசம்பந்தப் பெருமானும் நினைவிற்கு வருகின்றார். கொல்லிமழவன் என்னும் மன்னன், முயலகன் என்னும் நோயால் உணர்வற்றுக் கிடந்த தன் மகளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் கிடத்தியிருந்தான். பெருமான் திருப்பதிகம் பாடியருள அக்குழந்தை எழுந்தாள் என்பது பெரிய புராணம். அங்கிருந்து கொங்கு நாடு புகுந்து, நமக்குத் தென்மேற்கே உள்ள திருச்செங்கோட்டில் தங்கியபோது அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அதற்காகப் பெருமான் பாடிய திருநீலகண்டப் பதிகம் வியாழக்குறிஞ்சிப் பண்ணில் அமைந்தது. மலையடிவாரத்துக் காய்ச்சல் என்றால் என்னவென்று இப்பகுதி மூத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இவ்விடத்தில் ஒரு சொல். இவ்வரலாறுகளைப் படித்துவிட்டு, “இந்நோய்க்கு இந்த இராகம், அந்நோய்க்கு அந்த இராகம்” என்று பட்டியலிட்டு விற்கும் நூல்களையும் குறுந்தகடுகளையும் அடியேன் ஏற்பதில்லை. அருளாளர் பாடியதால் நிகழ்ந்தது அருள். அது இராகத்தின் பெயரை எழுதி மருந்துக் குப்பி போல் ஒட்டிக்கொள்ளக்கூடியது அன்று. சர்க்கரை நோயுள்ளவர் மாத்திரையை நிறுத்திவிட்டு இராகம் கேட்டால் துன்பமே விளையும். இசைச் சிகிச்சை மருத்துவத்தின் துணை. அதன் மாற்று அன்று. திரும்பி வருபவர்கள் இதனை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில், நாம் விலகியிருந்த காலத்தில் இத்தகைய பட்டியல்களே ஊரெங்கும் பரவிவிட்டன. நோயாளியின் வீட்டார் நம்மிடமும் அதையே கேட்பர்.

அவ்வாறாயின் இசை உண்மையில் எங்கே பயன்படுகின்றது? ஒன்றிரண்டு சொல்கின்றேன்.

பக்கவாதத்தால் மூளையின் இடப்பாகம் தாக்குண்டவர் பலர்க்குப் பேச்சு போய்விடும். சொல்ல வேண்டியது உள்ளே தெளிவாக இருக்கும், வாய்க்கு வராது. ஆனால் அவருள் பலர் பாட வல்லவர்களாக இருப்பர்! “தண்ணீர்” என்று கேட்க இயலாதவர், நெடுநாள் பழகிய பாடலைச் சொல்லோடு பாடுவார். காண்போர் திகைப்பர். இதனைக் கருவியாகக் கொண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்னும் மூவர் 1973ஆம் ஆண்டு ஒரு முறையை வெளியிட்டனர். அன்றாடம் வேண்டிய சிறு தொடர்களை உயர்ந்த சுரம், தாழ்ந்த சுரம் என இரண்டே சுரத்தில் அமைத்து, ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக்கையைத் தட்டச் செய்து, முதலில் சேர்ந்து பாடி, பின் மெல்ல மெல்ல நம் குரலை விலக்கி, இறுதியில் பாட்டைப் பேச்சாக்குவது அம்முறை.

அடியேன் கண்ட பெரியவர் ஒருவர், காலமெல்லாம் தோட்டத்தில் உழைத்தவர். பக்கவாதத்திற்குப்பின் அவரிடம் எஞ்சியது ஒரே சொல். வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் அதே சொல். வீட்டார் அவருக்கு அறிவு மயங்கிவிட்டதென்றே நினைத்தனர். ஆனால் கோயில் மணி கேட்டால் அவர் வாய் முணுமுணுக்கும். அருகே அமர்ந்து அப்பாட்டைத் தாழ்ந்த சுருதியில் உடன் பாடியபோது இரண்டு அடிகள் முழுமையாக வந்தன. அவர் மனைவியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பல வாரங்கள் உழைத்தபின் அவர் பெற்றது ஆறேழு தொடர்களே. தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, வெளியே போகணும் என்பன போன்றவை. வேறு பெரிய அற்புதம் நிகழவில்லை. ஆனால், வலிக்கிறது என்று சொல்ல முடிந்த மனிதரின் வாழ்வும், சொல்ல முடியாத மனிதரின் வாழ்வும் ஒன்றல்ல.

(இதனோடு ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகின்றேன். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை திடீரெனத் தோன்றினால் ஒரு நொடியும் தாமதியாது பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். மலையிலிருந்து சேலம் சேர்வதற்கே நேரமாகும் என்பதை மறவாதீர். பாட்டெல்லாம் அதன்பிறகு.)

மற்றொன்று தாலாட்டு. 2013ஆம் ஆண்டு அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளில், குறைமாதத்தில் பிறந்த 272 குழந்தைகளைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று வெளியாயிற்று. பெற்றோர் தாமே தேர்ந்த பாட்டைத் தாலாட்டாக மாற்றி, குழந்தையின் மூச்சிற்கு இயையப் பாடியபோது அக்குழந்தைகளின் இதயத்துடிப்பிலும் பால் உறிஞ்சுதலிலும் நன்மை காணப்பட்டது. பெற்றோரின் மனக்கலக்கமும் குறைந்தது. நம் பாட்டிமார் நீலாம்பரியில் பாடிய தாலாட்டுக்குச் சான்று கடல் கடந்து வந்திருக்கின்றது. ஆனால் கவனியுங்கள், அவ்வாய்வில் சிறந்து நின்றது பெற்றோர்க்கு உரிய பாட்டே. புகழ்பெற்ற பாட்டு என்பதற்காக எதையும் தேரவில்லை.

இனித் திரும்பி வருதலைப் பற்றி.

முதலாவது அச்சம் குரல். அடியேன் இளமையில் ஐந்தரைக் கட்டையில் பாடினவள். பதினான்கு ஆண்டு கழித்துச் சுருதிப் பெட்டியை வைத்து அமர்ந்தபோது ஐந்தே எட்டாமல் நின்றது, நாலரைக்கு வந்தேன். சில நாள் அதையே எண்ணி வருந்தினேன். பின்னரே ஒன்று விளங்கியது. படுக்கையிலிருக்கும் முதியவர் ஐந்தரைக் கட்டையில் எங்ஙனம் உடன் பாடுவார்? அவருக்கு வேண்டியது அவர் குரல் எட்டும் இடம். ஆண்களாயின் ஒரு கட்டைக்கும் கீழே செல்ல நேரும். மேடைக்கு வேண்டிய குரல் போனது உண்மை. மேடைக்குத்தான் நான் திரும்பவில்லையே. நாள்தோறும் விடியலில் அரைமணி நேரம் அகாரமும் சரளி வரிசையும் மந்தர ஸ்தாயியில் சாதகம் செய்தால், மூன்று நான்கு திங்களில் சுருதி நிலைபெறும். அவசரம் கூடாது.

இரண்டாவது அச்சம், காலம் மாறிவிட்டதே என்பது. இவ்வச்சம் நியாயமானது, இதனை மூடி மறைக்க வேண்டாம். பிரிட்டனில் இசைச் சிகிச்சையாளர்களைப் பதிவு செய்யும் சுகாதாரப் பணியாளர் மன்றம் இதற்கு ஒரு விதியே வகுத்தது. இரண்டு ஆண்டு முதல் ஐந்து ஆண்டு வரை விலகியிருந்தவர் 30 நாளும், ஐந்து ஆண்டுக்கு மேற்பட்டவர் 60 நாளும் தம் அறிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். தக்கவர் மேற்பார்வையில் பணிசெய்தும், வகுப்பில் அமர்ந்தும், தாமே படித்தும் அந்நாள்களை நிறைவு செய்யலாம். இவ்விதி அடியேனுக்கு மிகவும் பிடித்தது. இடைவெளியைக் குற்றமாக எண்ணாமல், நாள்கணக்கில் அளந்து, இவ்வளவு செய்தால் போதும் என்கின்றது. நம் நாட்டில் அத்தகைய ஏற்பாட்டிற்காகக் காத்திராமல், நாமே நமக்கு 60 நாள் விதித்துக்கொள்ளலாம். நோயாளியின் ஒப்புதலை எழுத்தில் பெறுதல், ஒவ்வொரு முறையும் நடந்ததைக் குறித்து வைத்தல், 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப்பின் வார்டுகளில் கடைப்பிடிக்கும் தூய்மை முறைகள் ஆகியவற்றை இளையவர் ஒருவரிடமிருந்து கற்கலாம். நம்மில் பாதி வயதுள்ள பெண்ணிடம் கற்பதற்கு முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். அவள் நம்மிடம் கற்க வேண்டியதும் இருக்கும்.

அது என்னவென்று கேட்பீர்கள். மாமியார் படுக்கையில் கிடந்த ஒன்பது ஆண்டுகள், இரவு எத்தனை மணிக்கு அவர் விழிப்பார், எப்போது புரட்ட வேண்டும், எந்தப் பேச்சு அவரைக் கலக்கும், எப்போது வாயை மூடிக்கொண்டு அருகே இருந்தால் போதும் என்று கற்றேன். அக்கல்விக்குச் சான்றிதழ் இல்லை. திரும்ப முயன்றபோது ஓர் இடத்தில், “இத்தனை ஆண்டு ஒன்றும் செய்யவில்லையா?” என்றே கேட்டார்கள். அன்று விடை கூற நா எழவில்லை. இன்று கூறுகின்றேன்: நோயாளியின் அருகிருக்கும் கலையில் இரவுபகலாகப் பயின்றுகொண்டிருந்தேன். வேலைக்கு விண்ணப்பிக்கும் தாய்மார்கள் அவ்வாண்டுகளை வெற்றிடமாக விடாமல், செய்ததைச் செய்தவாறே எழுதுங்கள்.

பண்களே இவ்வாறு ஒருமுறை மறைந்து மீண்டவை அல்லவா! மூவர் பாடிய திருப்பதிகங்கள் தில்லையில் பூட்டிய அறையில் செல்லரித்துக் கிடந்தன. நம்பியாண்டார் நம்பிகளும் சோழ மன்னரும் அவற்றை மீட்டனர். ஏடு கிடைத்தது, பாடும் முறை கிடைக்கவில்லை. அப்போது இறையருளால் அவர்கள் நாடிச் சென்றது திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியை. அவரைக் கொண்டே பண்ணடைவு வகுக்கப்பட்டது என்று திருமுறை கண்ட புராணம் கூறும். அரசர்க்கும் அறிஞர்க்கும் எட்டாதது ஒரு வீட்டுப் பெண்ணின் குரலில் இருந்தது.

கோயிலும் மருத்துவமும் அக்காலத்தில் தொலைவில் இருந்தவை அல்ல என்பதையும் எண்ணுக. திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றைக் குறிக்கின்றது. வைத்தியர், அறுவை செய்வார், மூலிகை கொணர்வார், நோயாளிகளைப் பேணும் பெண்கள் ஆகியோர்க்கெல்லாம் அங்கே நிவந்தம் எழுதப்பட்டிருக்கின்றது.

நிவந்தம் என்றதால் கடைசியாக ஊதியம். இதைக் கோயிலில் பேசலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். பேசத்தான் வேண்டும். “பாட்டுத்தானே, சேவையாகச் செய்யுங்களேன்” என்று பெண்களிடம் சொல்லுவது எளிதாக இருக்கின்றது. அதே இடத்தில் இயன்முறை மருத்துவரிடம் அவ்வாறு கேட்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பாருங்கள். திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பிடாரர்களையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிப்பார் ஒருவரையும் நியமித்த இராசராசன், ஐம்பதின்மர்க்கும் ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் அளக்க ஆணையிட்டான். அவருள் ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அந்நெல்லைப் பெற்று யார் பாடுவது என்பதையும் அக்கல்வெட்டு சொல்லுகின்றது. அடுத்த உறவினர் பாட வேண்டும். அவர் தகுதியற்றவராயின் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும். பக்திக்குக் குறைவில்லாத அம்மன்னன், பாட்டு நில்லாதிருக்க நெல்லும் தகுதியும் வேண்டும் என்று கல்லில் வெட்டிவைத்தான். ஆகவே கூசாமல் கேளுங்கள். வாரம் ஒரு நாள், இரண்டு நோயாளிகள் என்று தொடங்குங்கள். வீட்டிலும் அதனை வேலை என்றே சொல்லுங்கள். அன்றைய சமையலை வேறொருவர் பார்த்துக்கொள்வார்.

உரை தொடங்குமுன் ஒரு சகோதரி, “திரும்பிப் போகும் முதல் நாளில் எந்தப் பாட்டைப் பாடுவது?” என்று கேட்டார். எந்தப் பாட்டையும் முடிவு செய்துகொண்டு செல்ல வேண்டாம். இளமையில் என்ன பாட்டுக் கேட்டீர்கள் என்று நோயாளியிடம் கேளுங்கள். அவரால் சொல்ல இயலாவிடில் வீட்டாரிடம் கேளுங்கள். திருப்பதிகமாக இருக்கலாம், மலையில் பாடிய நடவுப் பாட்டாக இருக்கலாம், பழைய திரைப்பாட்டாகவும் இருக்கலாம். உங்களுக்குத் தெரியாத பாட்டாயின், அவரையே முனகச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வாருங்கள். அடுத்த வாரத்திற்குள் கற்றுக்கொள்ளலாம்.